நாகர்கோவிலுக்குப் போன கருப்புக் கார்

என் கணவருக்குச் சாலைக் கடைவீதியில் இரும்புக் கடை. ஆணி, தாழ்ப்பாள், கம்பி, கிணற்றுக் கப்பி என்று வீடு கட்டுகிறவனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். திருநெல்வேலியிலிருந்து அவருடைய அப்பா வந்து போட்ட கடை. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாகியிருந்த அந்த வருஷங்களில் வியாபாரம் நன்றாக நடந்தது. இருந்தாலும் எங்கே போவதானாலும் பஸ்தான். கார் வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "பஸ் போகாத ஊருக்கு எனக்கு என்ன சோலி?" என்று கேட்பார்.

அவரை மாற்றியது ஒரு வாழைக்குலை. சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நெய்யாற்றின்கரை தாண்டி எங்கள் பஸ் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் ஏத்தன் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சாலைக் கடைவீதிக்கு வந்த ஒரு லாரியில் தொற்றிக்கொண்டோம். டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் பின்னால் குலைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார். வீட்டில் வந்து இறங்கியபோது அவருடைய பட்டு அங்கவஸ்திரம் முழுக்க வாழைக்கறை. வாழைக்கறை எதிலாவது போகுமா? எலுமிச்சை போட்டேன், புளி போட்டேன், வெளுக்கிறவரிடம் கொடுத்துப் பார்த்தேன். கறை இன்னும் கருத்ததுதான் மிச்சம்.

"ஏளா, கார் வாங்கிர வேண்டியதுதான்" என்றார். அன்றைக்கு முழுக்க வேறு பேச்சே இல்லை.

ஊரிலேயே கார் விற்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. மதராஸில் ஒரு ஏஜெண்டு இருக்கிறார், எழுதிப் போட்டால் ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுவார் என்று இவருடைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். மதராஸ்வரை போய்ப் பார்த்து வாங்கலாமே என்று நான் கேட்டேன்.

"எதுக்கு? பம்பாயிலேருந்து ஆணி வருது. நான் என்ன ஒவ்வொரு ஆணியையும் பம்பாய்க்குப் போயா பாத்துட்டு வாரேன்?"

எழுதிப் போட்டதும் மதராஸிலிருந்து ஒரு வழுவழுப்பான புத்தகம் வந்தது. அதில் காரை முன்னாலிருந்து, பின்னாலிருந்து, கதவைத் திறந்துவைத்து என்று விதவிதமாகப் படம் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் சின்னச் சின்னதாக வண்ணத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ரவிக்கைத் துணிக்குச் சாம்பிள் பார்ப்பதுபோல நான் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். அதில் ஒரு பச்சை இருந்தது. வாழைக் குருத்து விரிகிற அன்றைக்கு இருக்குமே, அந்த இளம்பச்சை.

"இது நல்லாருக்குல்லா?" என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "பச்சைக் காரிலே போனா என்னைப் பாத்து வாழக்கா மண்டிக்காரன்னு சொல்லுவான். கருப்புதான் மரியாதை. ஜட்ஜி, திவான் எல்லாவனும் கருப்புலதான் போனான்."

கருப்பு என்றே எழுதிப் போனது. பணமும் பாங்கி வழியாகப் போனது. நாங்கள் தொட்டுப் பார்க்காத, ஓடும் சத்தம்கூடக் கேட்காத ஒரு பொருளுக்கு அத்தனை பணம் கொடுத்திருக்கிறோமே என்று கொஞ்ச நாள் நான் அந்தப் புத்தகத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவர் கலங்கவில்லை. கார் மதராஸிலிருந்து கிளம்பும் முன்பே டிரைவரை வேலைக்கு வைத்துவிட்டார்.

அந்த டிரைவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், பேட்டைக்காரர், மலையாளி. தினமும் சலவை செய்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் கடைக்கு வந்துவிடுவார். ஓட்டத்தான் வண்டி இல்லை. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க அவருக்குக் கூச்சம். அதனால் காருக்கென்று வாங்கி வைத்திருந்த துணியால் கடையிலிருந்த இரும்புப் பெட்டியைத் துடைத்தார். பிறகு தராசைத் துடைத்தார். பிறகு பூட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். "இந்த மனுசன் இப்படியே துடைச்சா பூட்டெல்லாம் தேஞ்சுபோகும். கார் சீக்கிரம் வந்தாத் தேவலை" என்று இவர் என்னிடம் முறையிட்டார்.

ஒருவழியாகத் தந்தி வந்தது. அடுத்த சில நாட்களில் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, வண்டி வந்துவிட்டது என்று சொன்னான்.

நானும் போனேன். கடைக்காரர் வீட்டுப் பெண்கள் சரக்கு இறக்குகிற இடத்துக்கெல்லாம் போவது வழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு என்னை யார் தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். திறந்த கூட்ஸ் வாகன் ஒன்றில் கயிறு போட்டுக் கட்டி, மேலே படுதா போர்த்தி, அதைக் கொண்டுவந்திருந்தார்கள். செங்கோட்டை மலையில் குகைகளுக்குள் நுழைந்து வந்த ரயில் அல்லவா, படுதாவின்மேல் விரல் கனத்துக்குக் கரி. அவர் கையில் தேங்காயும் சூடமும் வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஒரு பெட்ரோல் டின்னும் புனலுமாக நின்றார். ரயிலில் ஏற்றும்போது பெட்ரோலை வடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கயிற்றை அவிழ்த்துப் படுதாவை இழுத்தார்கள். கரியெல்லாம் புகையாக எழும்பி அடங்கியது. அடங்கியதும் தெரிந்தது, கார் பச்சை.

அதே இளம்பச்சை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காரைப் பார்த்தார்.

"ஏளா, எனக்குத் தெரியாம நீ ஏதும் எழுதிப் போட்டியா?"

"நான் என்ன இங்கிலீஷா படிச்சேன், மதராஸுக்குக் காயிதம் எழுதுததுக்கு?"

ரயில்வே குமாஸ்தாவிடம் போய்ச் சண்டை பிடித்தார். வாகன் நம்பர் சரியாக இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். "நிறம் ஏதானாலும் வண்டி ஸாரின்டெ தன்னே அல்லே?" என்று, எந்த நிறமானாலும் வண்டி உங்களுடையதுதானே என்கிற சமாதானம் வேறு. இதற்குள் எங்கள் டிரைவர் கையிலிருந்த காகிதத்தையும் என்ஜினில் வெட்டியிருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டு வந்தார். "முதலாளி, இது நம்மட வண்டி இல்ல, கேட்டோ. நம்பரு வேற" என்றார்.

தேங்காய் உடைக்கப்படாமலே காரும் தேங்காயும் வீட்டுக்கு வந்தன.

மறுநாள் தபாலாபீஸில் மதராஸுக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. கிடைத்ததும் அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டதாம். "பிளாக்! பிளாக்! நாட் கிரீன்!" என்று இவர் கத்த, அந்தப் பக்கத்து ஆள் "எஸ் ஸார், பிளாக் டெஸ்பாட்ச்ட்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மணியார்டர் கட்ட நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தா பொறுக்க முடியாமல் போனை வாங்கி, தானும் கொஞ்சம் கத்திப் பார்த்தாராம்.

இரண்டொரு நாளில் விஷயம் தெளிந்தது. எழும்பூரில் ஒரே நாளில் இரண்டு கார்களை ரயிலேற்றியிருக்கிறார்கள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று நாகர்கோவிலில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கு. நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது என்பதால் அவருடையது திருநெல்வேலிக்குப் போக வேண்டியது. ஏற்றியவர்கள் மாற்றி ஏற்றிவிட்டார்கள். ஏஜெண்டு வருத்தம் தெரிவித்து, இருவரும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும்படி தந்தி அடித்திருந்தார். அன்றைக்கே டாக்டரம்மாவிடமிருந்தும் ஒரு கார்டு வந்தது. "உங்கள் கார் என் வீட்டு வாசலில் சுகமாக இருக்கிறது. என் கார் அங்கே சுகம்தானா?" என்று தமிழில் எழுதியிருந்தார்.

அவருக்கு ஆஸ்பத்திரியை விட்டு ஒரு நாள் வெளியே வர நேரம் கிடைக்கும்வரை பச்சைக் கார் எங்கள் வீட்டிலேயே நின்றது. அடுத்தவர் பொருள், தொடக்கூடாது என்று இவர் உத்தரவு போட்டார். தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு உள்ளே உட்கார்ந்து மட்டும் பார்த்தேன். புதுத் தோல் வாசனையில் மூன்றுபேர் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு, ஓடாத காரில் ஆற்றுக்கால் போய்விட்டு வந்தோம், கன்னியாகுமரி போய்விட்டு வந்தோம். ஓடாமல் வைத்தால் பாட்டரி போய்விடும் என்று டிரைவர் சொன்னார். அதனால் கோட்டையைச் சுற்றி ஒரு நடை ஓட்டலாம் என்று இவரே இறங்கி வந்தார். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் கார் நின்றபோது ஒரு சிக்கல் வந்தது. தேங்காய் உடைக்கலாமா?

"அடுத்தவங்க வண்டிக்கு நாம தேங்கா ஒடச்சா, புண்ணியம் யாருக்குப் போவும்?" என்றார்.

"பிள்ளையாருக்குத் தெரியாதா, யாரு வண்டின்னு? டாக்டரம்மாவுக்குப் போவட்டுமே" என்றேன்.

உடைத்தார். ஆனால் சின்னத் தேங்காயாகப் பார்த்துத்தான் வாங்கினார்.

வழியில், தக்கலையில் சந்தித்து மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். கருப்புக் காருக்கு மாலை, எலுமிச்சம்பழம், பெரிய தேங்காய், துடைப்பதற்குப் புத்தம்புது மல்துணி ஒரு கட்டு, எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஏனோ மனசு சுணங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பச்சையோடு நான் பழகிவிட்டிருந்தேன்.

தக்கலையில் தாலுகாக் கச்சேரிக்கு எதிரே மரத்தடியில் காரை நிறுத்திக் காத்திருந்தோம். சொன்ன நேரம் தாண்டிவிட்டது. டாக்டரம்மா மனசு மாறி, கருப்பையே வைத்துக்கொண்டுவிட்டாரோ என்று இவருக்குப் பயம். அப்போது நாகர்கோவில் பக்கமிருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கருப்புக் கார் வந்தது. ஓட்டியது ஒரு பெண்.

கார் ஓட்டும் பெண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காதோரம் நரைத்தவர். வெள்ளைச் சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தார். எங்கள் பச்சைக் காரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, கார் சங்கதி பெறவு பேசுவோம். பின்னால ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

நாங்கள் பின்னாலேயே போனோம். தக்கலை ஆஸ்பத்திரி வாசலில் கருப்புக் காரின் பின்கதவு திறந்தது. உள்ளே ஒரு நர்ஸ். அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த ஒரு இளம்பெண். அந்தப் பெண்ணின் மார்போடு, பாதிச் சேலையில் சுற்றி, சிவந்த சின்ன முகம் ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். வில்லுக்குறி தாண்டியதும் வழியில் ஒரு மாட்டுவண்டி. அதில் பிரசவ வலியோடு இவள். டாக்டரம்மா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு தக்கலைக்கு ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை குழந்தை பொறுக்கவில்லை. ரோட்டோரம் காரை நிறுத்தி, அதிலேயே பிரசவம் பார்த்திருக்கிறார்.

தாயை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது நர்ஸ் குழந்தையை என்னிடம் நீட்டினாள். "சுத்தமான துணி இருக்கா அக்கா?" என்று கேட்டாள். எங்கள் டிரைவர் ஓடிப்போய் மல்துணிக் கட்டைக் கொண்டுவந்தார். காரைத் துடைக்க வாங்கிய துணியில் அந்தப் பிள்ளையைச் சுற்றி வாங்கிக்கொண்டேன். ஆண் குழந்தை. துணி கதகதப்பாகப்பட்டதோ என்னவோ, அழுகையை நிறுத்திவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. அதன் கை என் வளையலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

உள்ளே தாயிடம் கொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது இவர் கருப்புக் காரின் திறந்த கதவருகே நின்று பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் காருக்காக ஊர் கேட்கக் கத்தினாரோ, அந்தக் கார். சீட்டு இருந்த நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். அப்போதுதான் அவருக்கே கூச்சம் வந்தது.

"அண்ணாச்சி, புது வண்டி. இப்படி ஆயிட்டுது. மன்னிச்சுக்கிடணும். சீட்டை நான் புதுசா மாத்தித் தந்திருவேன். இல்ல, உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா பச்சையை நீங்களே வச்சுக்கிடுங்க. இதை நான் எடுத்துக்கிடுதேன். எனக்கு எந்த நிறமானாலும் ஒண்ணுதான்."

சொல்லுங்கள், பச்சை என்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் அவரைப் பிடித்துத் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான். வேட்டி முழங்காலுக்குமேல் ஏறி, உடம்பெல்லாம் வேர்வையும் புழுதியும். மாட்டுவண்டியை வழியிலேயே யாரிடமோ விட்டுவிட்டு ஓடிவந்த அந்தப் பெண்ணின் புருஷன். மூச்சு வாங்கியதில் அவனால் பேச முடியவில்லை. கையால்தான் கேட்டான்.

"ஆம்பளப் பிள்ளை. ரெண்டுபேரும் சுகம்" என்றார் டாக்டரம்மா.

அவன் அப்படியே காரைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு எங்கள் வீட்டுக்காரரின் ஜிப்பாவையும் அங்கவஸ்திரத்தையும் பார்த்து, கார் யாருடையது என்று ஊகித்திருக்க வேண்டும். அவர் முன்னால் வந்து கைகூப்பினான். "மொதலாளி, எம்பிள்ளை உங்க கார்லயா பொறந்தான்!" என்றான்.

இவர் பச்சைக் காருக்குள் போய், கருப்புக் காருக்கென்று கொண்டுவந்த மாலையை எடுத்துவந்து, அந்த ஆளின் கழுத்தில் போட்டார். அவன் திகைத்துப்போய் நின்றான். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"டாக்டரம்மா, சீட்டை ஒண்ணும் நீங்க மாத்த வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன். பிள்ளை பொறந்த வண்டியை யாராவது விடுவாவளா? இது எனக்கு இருக்கட்டு" என்றார் இவர்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதே சமயம் என் பச்சைக் கார் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாவிகளையும் காகிதங்களையும் மாற்றிக்கொண்டார்கள். டாக்டரம்மா நர்ஸை ஏற்றிக்கொண்டு பச்சைக் காரில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். "என் வண்டியை நல்லா வச்சிருக்கிய தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, அந்தக் குறுகலான இடத்தில் காரை லாவகமாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ரோட்டின் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையைப் பார்த்தேனா, அந்தக் கையைப் பார்த்தேனா என்று கேட்டால், கையைத்தான்.

எங்கள் காரின் பின்சீட்டில் உட்கார முடியாது. ஆஸ்பத்திரியில் தண்ணீர் வாங்கி டிரைவர் கழுவிவிட்டிருந்தாலும் ஈரமும் டெட்டால் வாசனையுமாக இருந்தது. முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். டிரைவர், நடுவில் இவர், ஜன்னலோரம் நான். இவர் மேலாகக் கழுத்தை நீட்டி, டிரைவரின் கால் எப்போது எதை மிதிக்கிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். மார்த்தாண்டம் தாண்டியதும் கேட்டேன்.

"கருப்பு வேணும்னிய. கெடச்சாச்சா?"

"கெடச்சாச்சு." முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

"அப்போ எனக்கும் ஒண்ணு வேணும். நான் ஓட்டப் படிக்கணும்."

"என்னத்தை?"

"இதைத்தான்."

அவர் டிரைவரைப் பார்த்தார், காப்பாற்று என்கிற மாதிரி. என்னைக் கொச்சம்மை, அதாவது எஜமானியம்மா, என்று கூப்பிடும் டிரைவரோ ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொச்சம்மைக்குப் படிச்சுக்கலாம் முதலாளி. பட்டாளத்துல நான் எத்தர பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். மீசை வச்சவனெல்லாம் படிச்சான். பின்னே இவங்களுக்கு என்ன?" என்றார். மீசைக்கும் கார் ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நெய்யாற்றின்கரை வந்துவிட்டது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதும்.

சங்குமுகத்துக்குப் போகும் ரோட்டில்தான் பாடம். கடற்காற்று அடிக்கும், காலை வேளையில் ஆள் நடமாட்டம் குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மிதிப்பேன். கிளச்சை நான் விடுகிற ஒவ்வொரு தடவையும் கார் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிவிட்டு நின்றுவிடும். டிரைவர் மட்டும் பக்கத்தில் பட்டாளத்துக்காரராகவே உட்கார்ந்திருப்பார். "பதுக்கே, பதுக்கே" என்பார், அதாவது மெதுவாக. நான் பதுக்கே போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் எருமை ஒன்று குறுக்கே வந்தது. ஹாரன் அடிப்பதற்குப் பதில் "ஹேய்" என்று கத்தினேன். எருமை அசையவில்லை. டிரைவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

லைசென்ஸ் பரீட்சையில் காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். முன்னால் ஓட்டுவதைவிட அது எனக்கு நன்றாக வந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

நான் ஓட்ட, இவர் முதன்முறையாகக் கூட வந்தது கொல்லத்துக்கு. அங்கே ஒரு வியாபாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. டிரைவருக்குக் காய்ச்சல். பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பியவரிடம் வாழைக்கறையை ஞாபகப்படுத்தி ஏற்றிக்கொண்டேன். பின்சீட்டில் புது மெத்தை போட்டிருந்தது. அங்கே உட்காராமல் முன்னால் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு கை கதவில், ஒரு கை முன்பலகையில்.

"வண்டி வருது பாரு. மெள்ள. இடது பக்கம் ஒதுங்கு. ஆடு நிக்கி. ஆட்டைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுவும் உன்னைப் பாத்துச்சா?"

கழக்கூட்டம்வரை இந்த வர்ணனை நிற்கவில்லை. தனக்கு ஓட்டத் தெரியாது என்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார். எதிரே லாரி வந்தபோதெல்லாம் அவர் கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. பிறகு ரோடு கொஞ்சம் நேராக, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பாக வந்தது. வர்ணனை குறைந்தது. "அந்த சைக்கிள்காரன்" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஆற்றிங்கல் நெருங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கதவைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல், ஹாரன் அடிக்காமல், மாட்டுவண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு, கொல்லம்வரை மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.